புயல் வருமுன் குடத்தை நிரப்புங்கள்!

2018 நவம்பர் 16. வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. மோட்டார் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டிகள் காலி! குடிதண்ணீருக்கு மக்கள் தவித்தனர்.

புயல் எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியது என்ன?

குடிக்க, சமைக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தேவை. 5 பேருக்கு 3 நாளைக்கு 60 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடத்தில் 4 குடம்!

குடத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடி போட்டு உயரத்தில் வையுங்கள். பூச்சி மருந்து இருந்த டின்னில் தண்ணீர் பிடிக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து! கையை விடாமல் பிடி வைத்த குவளையால் மொள்ளுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்று நீரில் கிருமிகள் இருக்கும். தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் அவை சாகும். ஆனால் கடல் நீர் புகுந்துவிட்டால்? எவ்வளவு கொதித்தாலும் உப்பு போகாது!

அப்போது கைகொடுப்பது, முன்பே நிரப்பி வைத்த குடம்தான்.