டோக்கியோவின் கட்டடப் பூங்கா

1923 நிலநடுக்கம், 1945 குண்டுவீச்சு, பிறகு புதுக் கட்டடங்களுக்காக இடித்தது போக, மிஞ்சிய பழைய டோக்கியோவைப் பார்க்க வேண்டுமா? நகருக்கு மேற்கே கொகானெய் பூங்காவுக்குப் போக வேண்டும். இருந்த இடத்தில் காப்பாற்ற முடியாத கட்டடங்களைப் பிரித்தெடுத்து வந்து, இங்கே மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1993-இல் திறந்த இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் சுமார் 30 கட்டடங்கள். கூரை வேய்ந்த உழவர் வீடு, குடைக்கடை, சோயா சாஸ் கடை எல்லாம் உண்டு. கூட்டத்தை இழுப்பது என்னவோ 1929-இல் கட்டிய பொதுக் குளியல் கூடம்தான். வெளியே கோயில் போன்ற முகப்பு. உள்ளே தொட்டிக்கு மேல் சுவர் நிறைய ஃபூஜி மலை ஓவியம். முன்னாள் பிரதமர் தகாஹாஷி கொரெகியோவின் மர வீடும் இங்கேதான். 1936 பிப்ரவரி 26 அன்று கலகப் படையினர் அவரைக் கொன்றது அதன் மாடியில். காலணியைக் கழற்றிவிட்டு நாமும் உள்ளே போகலாம்.