கறுப்பு கிரானைட், கிரானைட்டா?

திண்டிவனம் பக்கம் குன்னத்தில் வெட்டியெடுக்கும் கறுப்புக் கல்லுக்குச் சந்தையில் ‘குன்னம் பிளாக்’ என்று பெயர். பில்லில் கிரானைட். புவியியலாளரிடம் காட்டினால், ‘டோலரைட்’ என்பார்.

ஏன் இந்தக் குழப்பம்? கிரானைட் என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ் வேண்டும். டோலரைட்டில் அது சொற்பம். பைராக்சீன் என்ற கருங்கனிமமும் ஃபெல்ட்ஸ்பாரும்தான் பெரும்பகுதி. பழைய பாறையின் வெடிப்புகளில் புகுந்த பாறைக்குழம்பு ஓரளவு வேகமாக ஆறியதால், படிகங்கள் பொடிப்பொடியாகவே நின்றுவிட்டன. மெருகேற்றினால் முகம் பார்க்கலாம். உளி பட்ட இடம் மட்டும் சாம்பலாக வெளுக்கும். கல்லறையில் எழுத்து பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

வியாபாரிக்கோ, கடினமாக இருந்து பளபளப்பு ஏறினால் எல்லாமே கிரானைட்!

ஜேட் விவகாரம் இன்னும் சிக்கல். ஒரே கல் என்று நம்பியிருந்ததை, 1863-இல் பிரெஞ்சு வேதியியலாளர் டமூர் ஜேடைட், நெஃப்ரைட் என இரண்டாகப் பிரித்தார். நகைக்கடைகளில் இன்றும் இரண்டும் ஜேட்தான். ‘இந்திய ஜேட்’ என்று விற்கும் பச்சைக்கல்லோ இரண்டிலும் சேராது. அது அவென்சுரின் என்ற குவார்ட்ஸ் வகை. நீரில் அமிழ்த்தி எடைபோட்டால் குட்டு வெளிப்படும்: ஜேடைட்டின் அடர்த்தி சுமார் 3.3, குவார்ட்ஸுக்கு 2.65.