பறவைகளும் பாதரச நஞ்சும்: சோதனையிற் கரைப்பானின் பங்கு

விதையைப் பூஞ்சண நோயினின்றும் காப்பதற்காகப் பாதரசச் சேர்வைகளைப் பூசும் வழக்கம் முன்னர்ப் பல நாடுகளில் இருந்தது. சுவீடன் தேசத்தில் மெதைல் பாதரசம் பூசிய தானியம் விதைக்கப்பட்டபோது, வயலிற் கிடந்த விதையைத் தின்ற பறவைகளும், அவற்றைப் பிடித்துண்ட பருந்தினங்களும் மடிந்தன. 1966 ஆம் ஆண்டில் அந்நாடு அதன் உபயோகத்தைத் தடைசெய்தது.

இத்தகைய நஞ்சின் கொடுமையை அளவிட, காடை, வாத்து முதலிய பறவைகளுக்கு அதனைத் தீனியிற் கலந்து கொடுப்பர். சிறிதளவு நஞ்சைப் பெருந்தொகைத் தீனியிற் சீராகக் கலத்தல் எளிதன்று. ஆகவே, முதலில் அதனை ஒரு கரைப்பானிற் கரைப்பர். அசற்றோன், சோள எண்ணெய், புரொப்பிலீன் கிளைக்கோல் என்பன இதற்கு உதவுவன.

கரைப்பான் மாறினாற் சோதனை முடிவும் மாறக்கூடும். அதற்குரிய காரணங்கள் வருமாறு:

1. நஞ்சு நன்கு கரையாவிடின், ஒரு பறவை மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் அதனை உண்ணும்.

2. குடலினால் உறிஞ்சப்படும் நஞ்சின் அளவு கரைப்பானுக்கேற்ப வேறுபடலாம்.

3. கரைப்பானின் மணமோ சுவையோ பிடியாவிடின், பறவை தீனியைக் குறைத்துண்ணும். அசற்றோன் ஆவியாகிப் போகும். எண்ணெயோ தீனியிலேயே தங்கும்.

4. கரைப்பான் தானே தீங்கு விளைத்தலும் உண்டு.

ஆதலின், கரைப்பான் மாத்திரம் கலந்த தீனியை வேறொரு கூட்டப் பறவைகளுக்குக் கொடுத்து ஒப்பிடுவர். இவ்வாறு ஒப்பிடாத சோதனையை நம்புதல் தகாது.

முறையான சோதனைக்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனின், வீட்டிற் செய்யும் சோதனையை எங்ஙனம் நம்பலாம்? ஈராக் தேசத்தில் 1971-72 இல், மெதைல் பாதரசம் பூசிய விதைக் கோதுமையை மக்கள் அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். சிலர் அதனை முன்னதாகக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தனர். அவை உடனே சாகவில்லை. சிலர் நீரிற் கழுவினர். எச்சரிக்கைச் சாயம் நீங்கியது, நஞ்சு நீங்கவில்லை. நோய்க் குறிகள் பல வாரங்களின் பின்னரே தோன்றின. 6,000 பேருக்கு மேல் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர்.

இன்று விதைக்குப் பூசப்படும் மருந்துகள் வேறாயினும், விதி ஒன்றே. கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்:

மருந்து பூசிய விதையை உண்ணற்க. கோழிக்கும் மாட்டுக்கும் இடற்க.

கழுவினால் நஞ்சு நீங்குமென எண்ணற்க.

விதைத்தபின் வெளியே கிடக்கும் விதையை மண்ணால் மூடுக.

எஞ்சிய விதையை உணவுத் தானியத்தோடு சேராது, பெயரெழுதிப் பூட்டி வைக்குக. அச்சாக்கில் உணவுப் பொருள் எதனையும் இடற்க.