பதவி இல்லாமலும் முன்னிற்கலாம்

ஊரில் இருந்தபோது எமக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. குளத்துத் துருசைத் திறக்க ஒருவர், வாய்க்கால் வெட்டுக்கு ஆட்களைக் கூப்பிட ஒருவர், கமக்காரர் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர் என்று எல்லோரும் இருந்தார்கள். நாம் இடம்பெயர்ந்தபோது அந்த ஒழுங்கும் சிதறிப் போயிற்று. தலைவர் ஓரிடம், செயலாளர் வேறிடம். சங்கத்தின் கணக்குப் புத்தகம் எங்கே என்று எவருக்கும் தெரியாது. ஊர் திரும்பியவர்களும், திரும்பும் நாளுக்காகக் காத்திருப்பவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தூர்ந்துபோன வாய்க்காலை யார் முன்னின்று வெட்டுவிப்பது? நான் சொன்னால் யார் கேட்பார்கள்? எனக்கு என்ன பதவி இருக்கிறது?"

இக்கேள்விக்கு எமது நாட்டிலேயே, கமக்காரர்களிடமிருந்தே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

கல்லோயாவில் நடந்தது

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் எம்மவர்க்கு இனிய நினைவுகளை மட்டும் தரும் பெயரல்ல. அங்கு நடந்த குடியேற்றமும், 1956இல் சிந்திய இரத்தமும் மறக்கப்பட்டவையல்ல. அப்படிப்பட்ட இடத்தில் நடந்தது என்பதாலேயே இக்கதை எமக்கு முக்கியமாகிறது.

1970களின் இறுதியில் அத்திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் மிகவும் பழுதடைந்திருந்தன. நீர்க்கதவுகள் பல உடைந்து கிடந்தன. வாய்க்கால்களில் மண் நிறைந்து புல் வளர்ந்திருந்தது. மேல் வயல்காரர் வேண்டியதற்கு மேலாகவே நீரை எடுத்தனர். கடைசி வயல்களுக்குச் சிறுபோகத்தில் நீர் போய்ச் சேர்வதே அரிது. மேல் பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கீழ்ப் பகுதியில் தமிழ் பேசும் கமக்காரர் இருந்தனர்.

1981இல், கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளைப் பயிற்றி அங்கு அனுப்பின. அந்தச் சிறுபோகத்தின் தொடக்கத்தில் பெருங்குளத்தில் கால் பங்கு நீரே இருந்தது. வந்த இளைஞர்கள் சங்கம் அமைக்கவில்லை, தேர்தல் வைக்கவில்லை. வீடு வீடாகச் சென்று குறைகளைக் கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் குடும்பங்களைக் கூடிப் பேசச் செய்தார்கள். 'முதலில் வேலை, பிறகு அமைப்பு' என்பதே அவர்களின் வழி.

சில வாரங்களுக்குள் மாற்றம் தெரிந்தது. பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யாத வாய்க்கால்களைக் கமக்காரர் சிரமதானமாக வெட்டினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். தமது தேவை முடிந்ததும் நீரை மறித்து வைக்காமல் கீழே விட்டனர். அந்நீர் கீழே இருந்த தமிழ்க் கமக்காரரின் வயல்களுக்கும் போயிற்று.

இவற்றுக்கு முன்னின்றவர்கள் யார்? சம்பளம் பெற்றவர்களல்லர். தம் வாய்க்காலில் இருந்த எல்லோரும் "இவர் பொதுவான ஆள்" என்று ஒத்துக்கொண்ட சாதாரண கமக்காரர்கள். வாக்கெடுப்பு இல்லை, கட்சி இல்லை. பிரதிநிதி என்ற பெயர்கூட வேலைக்குப் பின்னரே வந்தது.

நாளடைவில், வாய்க்கால் திருத்த வேலைகளும் சேர்ந்து, ஏக்கருக்குச் செலவான நீர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1988இல் நீர்ப்பாசன நிர்வாகத்தில் கமக்காரர் பங்குகொள்வதை அரசாங்கம் தன் கொள்கையாகவே ஏற்றது. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், இருக்கும் நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். கமக்காரர் அமைப்புகளோ உள்ளதைப் பகிர்ந்து 65,000 ஏக்கரிலும் விதைத்து, நல்ல விளைச்சலும் கண்டன.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

முதலாவது, தன் பங்கிலிருந்து தொடங்குவது. தன் வரம்போரத்து வாய்க்காலை வெட்டிவிட்டு அயலவரைக் கூப்பிடுபவரின் சொல்லுக்கு மதிப்புண்டு. மண்வெட்டி பிடிக்காதவர் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்.

இரண்டாவது, சிறிய வேலையைத் தெரிவு செய்வது. குளம் முழுவதையும் திருத்துவோம் என்று தொடங்கினால் மனம் சலித்துவிடும். பத்துக் குடும்பங்கள், ஒரு வாய்க்கால், ஒரு காலைப்பொழுது போதும். ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு ஆள் தானாகவே சேரும்.

மூன்றாவது, கேட்பது. வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டவரே, பின்னர் கூட்டத்தில் பேசினால் எல்லோரும் செவிகொடுப்பர். கூட்டத்தில் பேசாத பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். இன்று பல குடும்பங்களில் விதைப்பும் கடனும் அவர்கள் தலையிலேயே இருக்கின்றன. பல ஊர்களில், பெயரில்லாமல் காரியம் நடத்துபவர்களும் அவர்களே.

நான்காவது, கணக்கை ஒளிக்காமல் வைப்பது. ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்தாலும், யார் தந்தார்கள், எதற்குச் செலவாயிற்று என்று எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பதவி உள்ளவர்மீது சந்தேகம் வந்தால் பதவி அவரைக் காப்பாற்றக்கூடும். பதவி இல்லாதவரைக் காப்பது அவரது நேர்மை ஒன்றே.

ஐந்தாவது, தனியே சுமக்காதிருப்பது. காணி உறுதி, துருசு திருத்தம், நீர் விடும் திகதி ஆகியவை அதிகாரிகளின் கையில் உள்ளவை. அலுவலகத்துக்கு ஒருவராகப் போகாமல் மூவராகப் போங்கள். கேட்பதை எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த முறை வேறு மூவர் போகட்டும். அப்போதுதான் ஒருவர் நோயுற்றாலும் ஊரை விட்டுப் போனாலும் வேலை நிற்காது. மீண்டும் ஒருமுறை எல்லாம் சிதறிப் போகாதிருக்க இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

சங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பதிவும் பதவியும் வேண்டிய காலம் வரும். அது வரும்வரை வாய்க்காலும் வயலும் காத்திருக்கா. பெரும்போக மழைக்கு முன்னர் உங்கள் வயலோரத்தில் ஒரு பாகம் வெட்டிப் பாருங்கள். அயலவர் ஒருவர் மண்வெட்டியோடு வந்து நின்றால், உங்கள் ஊரில் தலைமை தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.