ஒருவர் நின்று பேசும் சுவர்: தனிநபர் கண்காட்சிகளும் வாவிக்கரை மக்களும்

ஓவியக் கண்காட்சி என்றதும் நம்மவர் பலருக்கு ஞாபகம் வருவது பாடசாலைக் கலைவிழாதான். மண்டபச் சுவரில் மாணவர்களின் படங்கள், அதிபரின் உரை, பரிசளிப்பு. நல்ல விஷயம்தான். ஆனால் தனிநபர் கண்காட்சி என்பது வேறு. பலர் கூடிச் செய்யும் கண்காட்சியில் ஆளுக்கொரு படத்தைத் தொங்கவிட்டுப் போய்விடலாம். தனிநபர் கண்காட்சியில் ஒரே ஆள், தன்னை உறுத்தும் ஒரு விஷயத்தை இருபது முப்பது ஆக்கங்களில் விடாமல் பேசுகிறார். "எனக்கு நடந்தது இது, நான் பார்ப்பது இப்படி" என்று பெயர் போட்டுச் சொல்லிவிட்டு, வருகிறவர்களின் கேள்விக்கு முகங்கொடுக்கவும் தயாராக நிற்கிறார். சாட்சி சொல்வதற்கு மிகக் கிட்டிய காரியம் இது.

நமது நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் சிங்கள ஓவியர் சந்திரகுப்த தேனுவர. 1983 ஜூலை இனக்கலவரத்தை நினைவுகூர்ந்து, 1997 முதல் ஆண்டுதோறும் ஜூலை 23ஆம் திகதியை ஒட்டிக் கொழும்பில் தனிக் கண்காட்சி வைத்து வருபவர். சோதனைச் சாவடிகளில் இராணுவ வர்ணம் பூசி வைத்திருந்த பீப்பாய்களையே அவர் முதலில் கையிலெடுத்தார். அந்தப் பீப்பாய்களைக் கிழக்கில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி அவற்றைக் கடந்து போனவர்கள்தானே நாம். தினமும் கண்டு பழகி, காணாமலே விட்டுப்போன ஒரு பொருளைக் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில் வைத்தபோது, "இது எப்படி நமக்குச் சாதாரணமானது?" என்ற கேள்வி எழுந்தது. கண்காட்சியின் வேலை இதுதான்.

வாவிக்கரைக்கும் இந்த மரபு புதியதல்ல. 1982இல் இசை, நடனக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலையும் கற்பிக்கப்படுகிறது. மட்டக்களப்பிலிருந்து இயங்கும் வாசுகி ஜெயசங்கர், பெண்களின் வலியையும் வலிமையையும் தன் ஓவியங்களின் மையமாக வைத்தவர். வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போகும் விஷயங்களைச் சுவரில் ஏற்றியவர். பாக்கியராஜா புஷ்பகாந்தன் காணாமலாக்கப்பட்டோரையும் போர் காயப்படுத்திய நிலத்தையும் தன் கோடுகளுக்குள் கொண்டுவந்தவர். இவர்கள் பேசுவது சொந்தத் துயரமா, சமூகத் துயரமா என்று பிரிப்பது கடினம். இந்த மண்ணில் அவை இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

1990ஐ எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஏறாவூர். செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. ஒரே வாவியைச் சுற்றி, ஐந்து வாரத்துக்குள் நடந்தவை இவை. நம்மட ஷுஹதாக்களை நாம் நினைவுகூர்கிறோம். அவர்கள் தங்கட பிள்ளைகளை நினைவுகூர்கிறார்கள். ஒருவர் வீட்டுத் துயரத்தை மற்றவர் போய்ப் பார்க்கும் இடம் எது? அரசியல் மேடை அதற்கு உதவாது. அங்கே கணக்குத்தான் பேசுவார்கள். ஒரு தனிமனிதன் தன் உம்மாவைப் பற்றி, தன் காணாமற்போன நானாவைப் பற்றிச் செய்து வைத்த ஆக்கத்தின் முன் நிற்கும்போது கணக்கு ஓய்ந்து, எதிரில் ஒரு மனிதன் தெரிகிறான்.

"சரிதான், ஆனால் படம் வரைவது நமக்கு ஆகுமா?" என்ற கேள்வி இங்கே வரும். உயிருள்ளவற்றை வரைவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்துகளுக்குள் இக்கட்டுரை போகவில்லை. உருவம் வரையாமலே இந்தக் கலையைச் செய்யலாம் என்பதை மட்டும் காட்ட விரும்புகிறது.

ஸரீனா ஹாஷ்மியைப் பாருங்கள். 1937இல் அலிகாரில் பிறந்து, பல நாடுகளில் வாழ்ந்து, 2020இல் லண்டனில் மௌத்தானவர். பிரிவினை அவருடைய குடும்பத்தையும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனது. 1999இல் அவர் செய்த 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுதியில் ஒரு முகம்கூட இல்லை. வாசல், முற்றம், தூரம், எல்லை போன்றவற்றைச் சுட்டும் கறுப்புக் கோடுகளும் ஒவ்வொன்றின் கீழ் ஓர் உருதுச் சொல்லும்தான் இருக்கின்றன. பின்னர் ஒரு தொகுதியில், சகோதரி தனக்கு எழுதிய கடிதங்களின் மேலேயே வீட்டுத் திட்டப்படங்களை அச்சிட்டார். 2013இல் நியூயோர்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய ஆக்கங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. வீட்டை இழந்த எவருக்கும் அந்தக் கோடுகள் விளங்கும்.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம், யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் நூலாகக் கொண்டுவந்த பணி. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான 'தோம்பு' என்ற பெயரையே அதற்கு வைத்தார், ஆனால் முடிவடையாத தோம்பு. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதைக் கட்டடக் கலைஞர் ஒருவர் முறையான திட்டப்படமாக்கினார். மூன்றாவதாக ஓவியர் தன் பார்வையில் ஒரு படம் வரைந்தார். கோணல் மாணலான முதற்படத்தில்தான் கிணறும் மாமரமும் சரியான இடத்தில் இருக்கும். அளவுகோலுக்கு அது தெரியாது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் இப்படியொரு வீட்டைத் தலைக்குள் சுமந்தவர்கள்தான். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். 2020 டிசம்பரில், கட்டாயத் தகனத்துக்கு எதிராகப் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதை யாரும் கலை என்று சொல்லிச் செய்யவில்லை. ஆனாலும் கபன் துணியின் ஒரு முழம், ஒரு நீண்ட அறிக்கையை விடக் கூடுதலாகப் பேசியது. அதற்குப் பிறகு ஓட்டமாவடி சூடுபத்தினசேனையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. முஸ்லிம் அல்லாதவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அந்த மண்ணைப் பற்றி ஒரு பிள்ளை சொல்லக்கூடியதை எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது.

நமது ஊர்களில் பாய் இழைக்கும் கைகள் உண்டு, தறியில் இருக்கும் கைகள் உண்டு, அழகான அறபு எழுத்துக்காரர்கள் உண்டு. பொருள் இருக்கிறது, கதையும் இருக்கிறது. இல்லாதது, ஒருவர் தன் பெயரில் நின்று சொல்வதற்கு நாம் கொடுக்கும் சம்மதம். அதுவும் அந்த ஒருவர் பெண்பிள்ளையாக இருந்தால், "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி கண்காட்சிக்கு முன்னமே வந்து வாசலில் குந்திக்கொள்ளும்.

பெரிய கலைக்கூடம் தேவையில்லை. பொதுநூலகத்தின் ஒரு அறை, நாலு சுவர், ஒரு கிழமை போதும். முதல் நாள் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளையும் அழையுங்கள். பார்க்க வருகிறவர்களும் "இது என்ன படம், ஒண்டும் விளங்கல்லயே" என்று திரும்பிவிட வேண்டாம். வாசலில் ஒட்டியிருக்கும் குறிப்பை வாசியுங்கள், ஆக்கங்களை வரிசைப்படி பாருங்கள், விளங்காததைச் செய்தவரிடமே கேளுங்கள். அவர் அங்கே நிற்பதே அதற்குத்தான்.