புறநானூற்றில் வீரத்தின் மறுபக்கம்

முன்னுரை

தமிழரின் வீரத்தை எடுத்துரைக்கும் மேடைகளில் தவறாது இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. போரில் மகன் புறமுதுகிட்டான் என்று கேள்வியுற்ற முதிய தாய், அது உண்மையாயின் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவதாகச் சூளுரைத்து, வாளேந்திக் களம் புகுகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடக்கும் மகனின் உடலைக் காண்கிறாள். அவனை ஈன்ற நாளினும் பெரிதும் மகிழ்கிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய இப்பாடலை (புறம். 278) விளக்கி முடித்ததும் கைதட்டல் எழுவது வழக்கம். மகனின் சிதைந்த உடலைக் கண்டு ஒரு தாய் மகிழ வேண்டிய நிலை ஏன் நேர்ந்தது என்னும் வினா மட்டும் எழுவதில்லை.

உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் பதிப்பித்த நாள்தொட்டுப் புறநானூறு தமிழரின் வீரப் பெருமைக்கு முதற்சான்றாக விளங்கி வருகிறது. அப்பெருமையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. வீரத்தைப் புகழ்ந்த அதே நூல், அவ்வீரத்திற்கு விலை கொடுத்தவர்களையும் பதிவு செய்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இதன் நோக்கமாகும்.

நாணம் என்னும் கட்டளை

நச்செள்ளையாரின் பாடலில் அத்தாயை வாளேந்தச் செய்தது பகைவர் படையன்று. ஊரார் பலர் கூறிய சொல்லேயாகும். அச்சொல் பொய் என்பது களத்தில் தெரிய வருகிறது. ஆயினும் அதனைப் பொய்யென மெய்ப்பிக்க மகனின் உடல் தேவைப்பட்டது. அவன் உயிருடன் திரும்பியிருந்தால் ஊரார் பழி நிலைத்திருக்கும். இறந்ததனால் பழி நீங்கியது. எனவே, இங்கே வீரம் தனிமனிதனின் நெஞ்சுரம் மட்டுமன்று. பழிக்கு அஞ்சும் நாணத்தின் வழியாகச் சமுதாயம் விதித்த கட்டளையுமாகும்.

பொன்முடியார் பாடல் (புறம். 312) இக்கட்டளையைக் கடமைப் பட்டியலாகவே வகுத்துத் தருகிறது. பெற்றுப் புறந்தருதல் தாய்க்கும், சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், களிற்றை வீழ்த்தித் திரும்புதல் இளைஞனுக்கும் உரிய கடமைகளாகின்றன. பிற்காலத்தில் அறிவாலும் பண்பாலும் நிறைந்தவரைக் குறித்த 'சான்றோன்' என்னும் சொல் இங்கு வீரனைக் குறிப்பது கருதத்தக்கது. பிள்ளைப்பேறு முதல் கொல்லன் உலை வரை அனைத்தும் போரை நோக்கியே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன.

இக்கட்டளை இறந்தவரையும் விட்டு வைக்கவில்லை. நோயால் இறந்த மன்னரின் உடலைத் தருப்பைப் புல்லின்மேல் கிடத்தி வாளால் பிளந்து அடக்கம் செய்யும் வழக்கத்தை ஔவையார் குறிப்பிடுகிறார் (புறம். 93). குழந்தை இறந்து பிறப்பினும், உருவற்ற தசைப்பிண்டமாய்ப் பிறப்பினும், அதனையும் வாளால் கீறாமல் விடுவதில்லை என்று சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடல் கூறுகிறது (புறம். 74). வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்துறந்தான். விழுப்புண் பெறாத உடல் குறையுடைய உடலாகக் கருதப்பட்டது என்பதை இவை காட்டுகின்றன.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பெண், முன்னொரு நாள் போரில் தன் தமையனை இழந்தவள். தந்தையை இழந்தவள் எனப் பொருள் கொள்வாரும் உளர். நேற்றைய போரில் கணவனை இழந்தாள். இன்று போர்ப்பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள் (புறம். 279). இப்பாடலைப் புலவர் அவளுடைய சிந்தை கெடுக என்னும் பொருள்படத் தொடங்குகிறார். இதனைப் பழிப்பது போலப் புகழ்தல் எனக் கொள்ளலாம். ஆனால், புகழ வந்த புலவரின் வாயில் முதலில் எழுந்தது வாழ்த்தன்று என்பதையும் மறத்தலாகாது. எண்ணெய் தடவும் கையின் பரிவும் வேலைக் கொடுக்கும் கையின் கடுமையும் ஒரே பெண்ணுடையவை. அவ்விரண்டையும் அருகருகே வைத்ததே அப்பாடலின் ஆற்றல்.

எரியும் ஊர்கள்

பகைவர் நாட்டின்மீது படையெடுத்தலைக் கூறும் வஞ்சித்திணையில், ஊர்களை எரியூட்டுதலைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே சுட்டுகிறது. இரவும் பகலும் பகைவர் ஊர்கள் எரியும் வெளிச்சத்தில், மக்கள் அலறக் கொள்ளையிடுபவன் எனக் கரிகாலனைக் கருங்குழலாதனார் பாடுகிறார் (புறம். 7). அங்கு எரிவன அரண்மனைகள் மட்டுமல்ல. போர் செய்யாத குடிமக்களின் வீடுகளும் ஆகும். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனை நோக்கி, பகைவர் வயல்களைக் கொள்ளையிடினும் ஊர்களை எரிப்பினும், அவர்தம் காவல் மரங்களை மட்டும் வெட்ட வேண்டா, அவை உன் யானைகளைக் கட்டப் போதிய தறிகள் ஆகமாட்டா என்கிறார் (புறம். 57). மன்னனின் யானைகளைப் புகழும் பாடலாயினும், எரிதழலுக்கு நடுவே மரங்களையேனும் காக்க முயன்ற குரலாகவும் இதனைக் கொள்ளலாம்.

இங்கே கொற்றவள்ளை என்னும் துறை சிறப்பாக நோக்கத்தக்கது. மன்னனின் வெற்றியைப் புகழ்ந்து, அவ்வெற்றியால் பகைவர் நாடு அழிவதற்கு இரங்குதல் இத்துறையின் இலக்கணம் எனப் புறப்பொருள் வெண்பாமாலை கூறுகிறது. சோழன் உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியைப் பாடும் பரணர், அவன் வாளையும் குதிரையையும் களிற்றையும் வரிசையாகப் புகழ்ந்துவிட்டு, அவன் பகைவர் நாடு தாயை இழந்து பால் உண்ணாத குழந்தையைப் போல ஓயாது அழுகிறது என முடிக்கிறார் (புறம். 4). புகழ்ச்சிக்குள்ளேயே இரக்கத்திற்கு ஓர் இடத்தை இலக்கண நூலாரும் ஒதுக்கியிருந்தனர். வென்றவன் தன் புகழைக் கேட்கும்பொழுது தோற்றவரின் அழுகையையும் உடன் கேட்க வேண்டியிருந்தது.

கல் சொல்லாதவை

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த தொன்மையான நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்துவன் என்பவனுக்கு எடுக்கப்பட்டது. பெயர், ஊர், நிகழ்வு ஆகியவற்றைச் சொல்லி அக்கல் நின்றுவிடுகிறது. அவன் இல்லத்தார் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கல் சொல்லாது, பாடல் சொல்கிறது.

இளமையில் தழையாடையாக உதவிய ஆம்பல், கணவனை இழந்தபின் வேளைதவறி உண்ணும் புல்லரிசி ஆயிற்று என்று கைம்பெண் ஒருத்தி வருந்துவதை ஒக்கூர் மாசாத்தனார் பாடுகிறார் (புறம். 248). பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்பாயத் துணிந்து நின்று, கைம்பெண்டிர் வாழ்வை விவரிக்கிறாள்: நீரில் கிடந்த சோற்றைப் பிழிந்தெடுத்த பிண்டம், எள் விழுது, புளி கூட்டி வேகவைத்த வேளைக்கீரை, பாயின்றிப் பருக்கைக் கற்களின்மேல் படுக்கை (புறம். 246). அவளுக்குத் தீயும் குளிர்ந்த பொய்கையும் ஒன்றாகத் தோன்றியதற்கு அன்பு மட்டுமே காரணமன்று. எஞ்சியிருந்த வாழ்வும் ஒரு காரணம் என்பதை அவள் கூற்றே உணர்த்துகிறது.

புலவரின் துணிவு

களத்தில் காட்டும் துணிவுக்கு மாறான மற்றொரு துணிவையும் புறநானூறு காட்டுகிறது. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தபொழுது, கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பேசினார். இருவர் சூடியதும் ஆத்தி மாலையே, ஒருவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே, இருவரும் வெல்வது இயற்கையுமன்று என்றார் (புறம். 45).

மற்றொரு முறை, சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமானின் மக்களை யானைக்கு இடத் துணிந்தான். யானையைக் கண்டு அழுகையை மறந்த அச்சிறுவர்கள், கூடியிருந்த மன்றத்தைப் பார்த்து மருண்டனர். கோவூர்கிழார், புறாவின் துயர் துடைத்த மன்னன் மரபில் வந்தவன் நீ என்று அவனுக்கு நினைவூட்டி, என் சொல்லைக் கேட்டபின் நீ விரும்பியதைச் செய் என்று முடித்தார் (புறம். 46). அப்பிள்ளைகள் உயிர்பிழைத்தனர் என்பதைப் பாடலின் பழங்குறிப்பு தெரிவிக்கிறது. பரிசிலால் வாழ்ந்த புலவர் பரிசில் தரும் மன்னனின் சினத்திற்கு எதிரே நின்றது எளிய செயலன்று.

முடிவுரை

சங்கப் புலவர்களைப் போர் மறுப்பாளர் எனக் கொள்வது பொருந்தாது. அவர்கள் போரை ஏற்றுக்கொண்ட காலத்தவர். வெற்றியைப் பாடிப் பரிசில் பெற்றவர்கள். ஆயினும், புகழுக்காக அழுகையை மறைக்கவில்லை. மறைத்தவர்கள் நாமே. நானூறு பாடல்களுள் நமக்கு ஏற்ற சிலவற்றை மட்டும் தேர்ந்து, அவற்றிலும் கைதட்டலுக்கு உரிய பகுதியை மட்டும் இளையோருக்குச் சொல்லி வருகிறோம். பழிக்கு அஞ்சி உயிர்விடுவதே ஆண்மை என்று ஒரு மாணவன் அதிலிருந்து கற்றுக்கொண்டால், அது புறநானூற்றின் குறையன்று. நம் தேர்வின் குறையாகும்.

எனவே, நச்செள்ளையாரின் தாயைக் கற்பிக்கும் வகுப்பில், புல்லரிசி உண்ணும் கைம்பெண்ணையும் மன்றத்தைக் கண்டு மருண்ட சிறுவர்களையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும். வேலேந்தியவனின் துணிவோடு, வேலைத் தாழ்த்தச் சொன்னவரின் துணிவையும் மாணவர் அறியும்பொழுதே புறநானூறு அவர்களுக்கு முழுமையாகச் சென்று சேரும்.