வீடு சோறு போடுமா?

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது பழமொழி. இரண்டையும் செய்து முடித்தவர்களை முதுமையிலே வந்து அடையும் இடர் ஒன்றுண்டு. அதைப் பற்றிப் பழமொழி ஏதும் கூறவில்லை.

வெள்ளவத்தையிலே கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் பழைய வீதிகளிலும் அவ்விடரை நாம் காணலாம். வாழ்நாள் முழுவதும் உழைத்து வாங்கிய வீடு கோடிக்கணக்கில் விலைபெறும். அவ்வீட்டில் வாழும் முதியவரோ மருந்துச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இம்மாதம் எதை வாங்குவது, எதை விடுவது என்று கணக்கிடுகின்றார். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்க மனம் கூசுகின்றது. வீட்டை விற்கவோ மனம் ஒப்பவில்லை. விற்காமலே அதன் பெறுமதியில் ஒரு பங்கை மாதந்தோறும் பெறுதற்கு வழியுண்டா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

காணியை வைத்துக் கடன்பெறும் முறைகள் நமக்குப் புதியன அல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற தேசவழமையிலே ஒற்றி பற்றிய விதிகள் உள்ளன. ஒற்றியிலே கடன் கொடுத்தவர் காணியைத் தம்வசம் எடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் பயனை நுகர்வார். ஈட்டிலே காணி உடையவரிடமே இருக்கும். அவர் வட்டியும் முதலும் கட்டிவருதல் வேண்டும். ஒன்றில் இருப்பிடம் போகின்றது. மற்றதில் மாதந்தோறும் பணம் போகின்றது. உழைப்பு ஓய்ந்த முதியவருக்கு இரண்டும் ஏலாதவை.

மூன்றாவது வகையொன்று மேல்நாட்டிலே தோன்றிற்று. 'ரிவர்ஸ் மோர்ட்கேஜ்' என வழங்கும் அதனைத் தலைகீழ் ஈடு எனலாம். இதிலே வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே இருப்பார். வங்கி அவருக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கும். அவர் அங்கு வாழுங்காறும் தவணைப் பணம் எதுவும் கட்டவேண்டியதில்லை. அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். அன்றேல் வீடு விற்கப்பட்டுக் கடன் கழிந்து, மிச்சம் வாரிசுகளைச் சேரும்.

1961ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரிலே, கணவரை இழந்த ஒரு பெண்மணி தம் வீட்டைவிட்டு வெளியேறாமல் வாழ்வதற்காக இத்தகைய கடன் முதன்முதல் வழங்கப்பட்டது என்பர். 1987ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அந்நாட்டு அரசாங்கமே இதற்குக் காப்புறுதி அளிக்க முன்வந்தது. அயல்நாடாகிய இந்தியாவிலே, 2007ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் இதனை அறிவித்தார். தேசிய வீடமைப்பு வங்கி விதிகளை வகுத்தது. இவ்வாறு பெறும் பணம் வருமான வரிக்கு உட்படாது என 2008ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விலக்களித்தது.

அவ்விதிகளுள் முக்கியமானவற்றைக் கூறுவோம். கடன் பெறுபவர் 60 வயது நிரம்பியவராதல் வேண்டும். வீடு அவர் தாமே தேடியதாகவும், தாமே குடியிருப்பதாகவும் இருத்தல் வேண்டும். பணம் வழங்கும் காலம் 20 ஆண்டுக்கு மேற்படாது. அக்காலம் முடிந்தாலும் வீட்டிலே தொடர்ந்து வாழலாம். கடன் எவ்வளவு பெருகினும், வீட்டை விற்றுக் கிடைக்கும் தொகைக்கு மேல் வாரிசுகளிடம் கேட்கலாகாது. வரி, பழுதுபார்ப்பு, காப்புறுதி ஆகியன வீட்டுக்காரரின் பொறுப்பே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. மாதம் 30,000 ரூபாய் பெறுவதாகவும், ஆண்டு வட்டி நூற்றுக்குப் 10 வீதம் மாதந்தோறும் சேர்வதாகவும் கொள்வோம். ஐந்தாண்டில் கையிற் பெற்றது 18 இலட்சம். கடன் ஏறத்தாழ 23 இலட்சம். பத்தாண்டில் பெற்றது 36 இலட்சம். கடன் 61 இலட்சத்துக்கு மேல். பதினைந்தாண்டில் பெற்றது 54 இலட்சம். கடனோ 1 கோடியே 24 இலட்சம். வட்டிக்கு வட்டி ஏறுவதன் விளைவு இது. சாதாரணக் கடன் நாளுக்கு நாள் தேயும். இக்கடன் நாளுக்கு நாள் வளரும். ஆகையால் இளமுதுமையிலே அவசரப்பட்டு இதில் இறங்குவது தகாது. அறுபதிலே தொடங்கியவருக்கு எண்பதிலே மாதப் பணம் நின்றுவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வேறொரு கண்ணியும் உண்டு. அமெரிக்காவிலே கணவர் பெயரில் மட்டும் கடன் எழுதப்பட்டமையால், அவர் காலமானபின் மனைவி வீட்டை இழக்கும் நிலை ஏற்பட்டு, வழக்குகள் எழுந்து, 2014ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டன. கணவன், மனைவி இருவர் பெயரும் பத்திரத்தில் இருத்தல் இன்றியமையாதது. பிள்ளையுடன் வெளிநாட்டிலே நெடுங்காலம் தங்க எண்ணுபவருக்கும் இக்கடன் ஒவ்வாது. வீட்டைவிட்டு நிரந்தரமாக அகன்றால் கடன் உடனே கேட்கப்படும்.

இந்தியாவிலேயே இத்திட்டம் எதிர்பார்த்த அளவு வரவேற்புப் பெறவில்லை. காரணம் கணக்கில் இல்லை, மனத்தில் இருக்கின்றது. வீடு பிள்ளைகளுக்கென்று வைக்கப்பட்ட பொருள், அதைத் தாம் உண்பது பிழை என்று பெற்றோர் கருதுகின்றனர்.

நம் நாட்டிலும் இக்கடன் வேரூன்றவில்லை. நம்மவர் பெரிதும் நாடுவது நொத்தாரிசிடம் சென்று, சீவிய உரித்தைத் தமக்கு ஒதுக்கிக்கொண்டு, பிள்ளை பெயருக்கு நன்கொடை உறுதி எழுதுவதே. சாகும்வரை வீட்டிலிருக்கும் உரிமை இதனாற் கிடைக்கும். மருந்துக்குப் பணம் கிடையாது. பின்னர் பிள்ளை முகம் திருப்பினால் என் செய்வது? மீளப்பெறலாகாது என்று எழுதப்பட்ட நன்கொடையைக் கொடிய நன்றிகேட்டின் காரணமாக நீக்க வேண்டின், நீதிமன்றத்தின் கட்டளையைப் பெற்றாக வேண்டும் என்கின்றது 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். பெற்ற பிள்ளையின் நன்றிகேட்டைத் தள்ளாத வயதிலே மன்றேறி நிரூபிப்பதிலும் பெரிய துயரம் யாதுளது?

தலைகீழ் ஈட்டின் உண்மையான சிறப்பு இங்கேதான் புலனாகின்றது. கடன் வளர்ந்தாலும் உரிமை கைமாறுவதில்லை. அக்கடன் நமக்குக் கிட்டினும் கிட்டாவிடினும், அது புகட்டும் பாடம் ஒன்றே: உயிருள்ளவரை உறுதி பெற்றோர் பெயரிலேயே இருத்தல் நன்று. மேல்மாடியை வாடகைக்கு விடுவதோ, பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீடு வாங்கி மிச்சத்தை வங்கியில் இடுவதோ, உறுதி கையில் உள்ளவருக்கே இயலும்.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோர் தாமாக வாய்திறவார். "அப்பா, இவ்வீட்டை எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், அது உங்களுக்கும் அம்மாவுக்கும் சோறும் மருந்தும் தரட்டும்" என்று நீங்களே முதலிற் சொல்லுங்கள். சகோதரர் அனைவரும் கூடியிருக்கும் வேளையிலே அதனைச் சொல்லுங்கள். பின்னாளிலே வழக்குக்கு இடமிராது.